வாயில் காப்போன்



சம்யுத்த நிகாயத்தில் கிம்சுக சுத்தம் என்றொரு சுத்தம் உளது. அதன்கண் புத்த பகவான் ஒரு நகரை உவமையாக எடுத்துக்கொள்கிறார். அஃது எல்லைப்புறத்து நகர். அதற்கு உறுதியான மதில் உண்டு. ஆறு வாயில்கள் உண்டு. வாயிலில் ஒரு காவலன் நிற்கிறான். அவன் அறிவும் பழக்கமும் உடையவன். அறிந்தவரை உள்ளே விடுவான். அறியாதவரைத் தடுத்து நிறுத்துவான். கீழ்த்திசையிலிருந்து தூதர் இருவர் விரைந்து வந்து, நகரத் தலைவன் எங்குளான் என அவனை வினவுகின்றனர். நடுச் சதுக்கத்தில் அமர்ந்துள்ளான் என்று அவன் விடை கூறுகிறான். தூதர் உள்ளே சென்று, உள்ளதை உள்ளவாறு உரைக்கும் செய்தியைத் தலைவனிடம் ஒப்புவித்து, வந்த வழியே மீள்கின்றனர்.

இதற்குப் பொருளையும் பகவானே அருளிச்செய்தார். நகர் என்பது நாற்பூதங்களாலாகிய இவ்வுடல். வாயில்கள் கண், செவி, மூக்கு, நா, மெய், மனம் என்னும் ஆறு. தலைவன் விஞ்ஞானம். தூதர் இருவர் சமதமும் விபஸ்ஸனையும். செய்தி நிப்பானம். அவர்கள் வந்த வழி எண்வகை மார்க்கம். காவலன் யார்? பாலியில் அவன் பெயர் ஸதி. தமிழில் அவ்வொலி வஞ்சகத்தைக் குறித்துவிடும் ஆதலின், யான் அதனை விழிப்பு என்றே வழங்குவேன்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். நகருக்குப் பொருள் சொன்னார், வாயிலுக்குச் சொன்னார், சதுக்கத்துக்கும் வழிக்கும் கூடச் சொன்னார். மதிலுக்கு மட்டும் பகவான் பொருள் கூறவில்லை. மதில் அங்கே நிற்கிறது, அவ்வளவே. மதிலே காவல் என்று எண்ணி வாழும் நமக்கு இது வியப்பாகத் தோன்றும். ஏன் அவர் அதனை விட்டார் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு சீன நகரம். சென்ற ஆண்டு யாத்திரை போந்த பௌத்தர் குழு ஒன்றில் சேர்ந்து யானும் அந்நகரின் பழைய வாயில்களைக் கண்டு மீண்டேன். அவற்றைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறேன்.

அந்நகரின் பெயர் நான்ஜிங். தென் தலைநகர் என்பது அதன் பொருள். நம் பழைய பூகோளப் புத்தகங்கள் நான்கிங் என்று எழுதின. யாங்சி ஆற்றின் கரையில் உள்ளது. முற்காலத்தில் ஜியான்காங் என்று அதற்குப் பெயர். இந்தியாவில் நடந்து, பாடலிபுத்திரத்தில் விநய நூலைப் படியெடுத்துக்கொண்டு, கடல்வழியே தாயகம் மீண்ட பாஹியான் அந்நூலை மொழிபெயர்த்தது இந்நகரிலேதான். நம்மவர்க்கு இந்நகர் அயலூர் அன்று.

இன்று அங்கே நிற்கும் மதில் மிங் மரபின் முதல் மன்னர் எடுத்தது. அவர் வரலாறு கேட்கத்தக்கது. உழவர் குடியிற் பிறந்தவர். இயற்பெயர் ஜூ யுவான்ஜாங். 1344 ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பெற்றோரை இழந்தார். வயிறு வளர்க்க வேறு வழியின்றி ஒரு பௌத்த விகாரையில் சாமணேரராகச் சேர்ந்தார். விகாரையிலும் உணவு அற்றுப்போகவே, ஓடு ஏந்தி ஊரூராகத் திரிந்தார். பின்னர்க் கலகப் படையிற் புகுந்து, 1368 இல் சக்கரவர்த்தியாக முடிசூடினார். கையில் ஓடு ஏந்திய அவர்தாம் கட்டினார், உலகின் மிகப் பெரிய நகர மதில்களுள் ஒன்றை. 1366 இல் தொடங்கிய வேலை 1393 வரை நடந்தது. மதிலின் சுற்று ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் இன்றும் நிற்கிறது. உள்மதிலுக்கு 13 வாயில்கள். மிங் காலத்து வாயில்களாக இன்று எஞ்சியவை நான்கே. அவற்றுள் சிங்லியாங் வாயிலும் ஷென்ஸ வாயிலும் அமைதியான இடங்கள். ஷிசெங் வாயிலில் ஒரு பகுதியே மிஞ்சியுள்ளது. நின்று பார்க்க வேண்டியது தெற்கு வாயில்.

அதன் பழைய பெயர் ஜூபாவ், செல்வம் திரளும் வாயில் என்பது பொருள். 1931 இல் ஜோங்ஹுவா வாயில் என்று பெயர் மாற்றினர். அதனை ஒரு வாயில் என்பது பொருந்தாது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வளைவு வாயில்கள்; அவற்றினிடையே மூன்று முற்றங்கள். தெற்கு வடக்காக 128 மீட்டர் நீளம். முதல் வாயிலை உடைத்துப் புகுந்த பகைவன் முற்றத்தில் அகப்படுவான். முன்னும் பின்னும் கதவுகள் அடைபடும். மேலிருந்து அம்பு மழை பொழியும். கதவு போதாதென்று மேலிருந்து இறக்கும் பலகைத் தடுப்பும் இருந்தது. அது இறங்கிய காடிகளைக் கல்லில் இன்றும் தடவிப் பார்க்கலாம். மதிலின் உடலுக்குள்ளேயே 27 குகையறைகள். அவற்றில் 3,000 வீரரை மறைத்து வைக்கலாம் என்பர். கோடை வெயிலில் அவ்வறைக்குள் நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கியதுபோலக் குளிர்கிறது.

எனக்கு அங்கே அறைகளைவிடச் செங்கல்லே பெரிதாகத் தோன்றியது. சாம்பல் நிறச் செங்கல். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம். யாங்சி ஆற்றின் கரையோர நாடுகள் பலவற்றிற் சூளையிட்டுப் படகிற் கொணர்ந்தனர். பசையரிசிக் கஞ்சி கலந்த சுண்ணாம்புச் சாந்தால் அடுக்கினர். பல கற்களின் பக்கத்தில் எழுத்துப் பொறித்துள்ளது. மாவட்டத்தின் பெயர், பொறுப்பேற்ற அதிகாரியின் பெயர், ஊர்த் தலைக்கட்டின் பெயர், சூளைக்காரன் பெயர், கடைசியில் கல் அறுத்த கூலியாளின் பெயர். கல் பழுதானால் பழி யாருக்கு என்பது கல்லிலேயே இருந்தது. யான் ஆலைத் தறியில் நின்றவன். நெய்து இறங்கும் பீசில் தறி எண் போடுவதை அறிவேன். இழை அறுந்திருந்தால் எண்ணைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவார்கள். துணி நன்றாக இருந்தால் எண்ணை ஒருவரும் பாரார். 600 ஆண்டுக்கு முன் மண் மிதித்த ஏழையின் பெயரை மக்கள் இன்று விரல் வைத்து வாசிக்கிறார்கள். சூளைக்காரன் தன் காவலைச் சரியாகச் செய்தான். அவன் கல் இன்றும் நிற்கிறது.

இனி இம்மதிலின் கதையைக் கேளுங்கள்.

முதல் மன்னர் 1398 இல் இறந்தார். பேரன் அரியணை ஏறினான். வடக்கே இருந்த நான்காம் மகன், யான் நாட்டுக் கோமகன், அண்ணன் மகன்மேல் படை எடுத்தான். நான்கு ஆண்டுப் போர். 1402 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவன் படை நான்ஜிங் மதிலின் முன் வந்து நின்றது. 27 ஆண்டு உழைத்துக் கட்டிய மதில்! கல்லுக்குக் கல் பொறுப்பாளி பெயர் எழுதிய மதில்! அதனை முற்றுகையிட எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்? ஒரு நாளும் ஆகவில்லை. வடபுறத்து ஜின்சுவான் வாயிலைக் காக்க நின்றவர் இருவர். ஒருவர் லி ஜிங்லோங் என்னும் படைத்தலைவர். மற்றவர் அரச குடும்பத்தவரே ஆகிய கூ நாட்டுக் கோமகன். வாயிலை அவர்களே திறந்துவிட்டனர். அரண்மனை தீப்பற்றியது. இளம் மன்னன் என்ன ஆனான் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் கிராமத்தார் சொல்வதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அந்த ஜின்சுவான் வாயில் இன்று இல்லை.

திருவள்ளுவர் அரணைப் பற்றி ஓர் அதிகாரமே பாடினார். அதன் கடைசிக் குறளில், அரண் எவ்வளவு சிறந்ததாயினும் உள்ளிருப்போரிடம் செயற்றிறம் இல்லையாயின் அரண் இருந்தும் இல்லாததே என்று முடித்துவிட்டார். லி ஜிங்லோங் அக்குறளைக் கேட்டவர் அல்லர்.

உள்ளிருந்தே வாயில் திறந்தது அந்நகருக்கு அது முதன்முறையும் அன்று. இன்னும் 850 ஆண்டு பின்னே செல்வோம். மிங் மதில் அப்போது இல்லை. ஜியான்காங் என்னும் பழைய நகர் இருந்தது. 502 முதல் 549 வரை லியாங் மரபின் வூ மன்னர் அதனை ஆண்டார். சீன வரலாற்றில் அவரைப்போல் பௌத்தத்தைப் போற்றிய மன்னர் மிகச் சிலரே. புலால் உண்ணமாட்டார். விகாரைகள் பல எடுத்தார். தாம் கட்டிய தொங்தாய் விகாரைக்குத் தம்மையே தானமாகக் கொடுத்துத் துறவியர் நடுவே அமர்ந்துவிடுவார். அமைச்சர் பெரும்பொருள் கொடுத்து அவரை மீட்டுக்கொண்டு போவர். இது ஒருமுறையன்று, பன்முறை நடந்தது. தென்னிந்தியாவிலிருந்து சென்றவர் எனச் சீனர் போற்றும் போதிதருமர், காஞ்சியிற் பிறந்தவர் என்று நம்மவர் கொண்டாடும் அப்பெரியார், இம்மன்னரைச் சந்தித்ததாகத் தியான மரபினர் ஒரு கதை வழங்குவர். இத்தனை கோயில் கட்டினேனே, எவ்வளவு புண்ணியம் என்று மன்னர் கேட்டாராம். ஒன்றுமில்லை என்றாராம் போதிதருமர். கதையோ, நடந்ததோ, விடை கூர்மையானது.

547 ஆம் ஆண்டு வடநாட்டுப் படைத்தலைவன் ஹௌ சிங் என்பவன் தன் தலைவரைப் பகைத்துக்கொண்டு, தான் ஆண்ட நிலப்பரப்போடு வூ மன்னரிடம் சரணடைய விரும்பினான். நம்பத்தகாதவன் என்று அமைச்சர் பலர் தடுத்தனர். வடநாட்டுத் தலைவர்கள் நிலத்தைக் கொணர்ந்து தம்மிடம் ஒப்புவிப்பதாக மன்னர் அண்மையில் ஒரு கனவு கண்டிருந்தார். கனவு பலித்தது என்று மகிழ்ந்து அவனை ஏற்றுக்கொண்டார். அன்பர்களே! இங்கே முதற் காவல் தவறியது. அறியாதவனைத் தடுக்கவேண்டிய இடத்தில் ஆசை நின்று கதவைத் திறந்தது. புலால் விட்டவர், மண்ணாசை விடவில்லை.

மறு ஆண்டு ஹௌ சிங் கலகம் செய்தான். யாங்சி ஆறு குறுக்கே கிடந்தது. படகு கொடுத்தவன் யார்? மன்னரின் தம்பி மகன் சியாவ் செங்தெ. மன்னர்க்கு மகப்பேறு இல்லாதபோது இவனை மகனாக எடுத்து வளர்த்தார். பின்னர்த் தமக்கு ஆண் மகவு பிறக்கவே இவனைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டார். அந்த மனக்குறை அவனுள் நாற்பது ஆண்டுக்கு மேல் புகைந்துகொண்டிருந்தது. நாணல் ஏற்றும் படகுகள் என்று பொய் சொல்லிப் பெரிய படகுகளை அனுப்பி, பகைவன் ஆற்றைக் கடக்கத் துணைசெய்தான். பகைவனை எதிர்கொண்டு வணங்கி, ஷுவான்யாங் வாயில் வழியாக நகருள் அழைத்து வந்தவனும் இவனே. உள்ளரணில் நான்கு திங்களுக்கு மேல் முற்றுகை. மக்கள் பசியால் மடிந்தனர். 549 இல் அரண் வீழ்ந்தது. 80 வயதைக் கடந்த மன்னர், சிறைப்பட்டவர்போல் இருந்து, போதிய உணவின்றி இறந்தார். கசந்த வாய்க்குத் தேன் கேட்டும் கிடைக்கவில்லை என்று வரலாறு கூறுகிறது. செங்தெயை அரசனாக்குவதாகச் சொன்ன ஹௌ சிங் அவனையும் அவ்வாண்டே கொன்றான்.

தொங்தாய் விகாரை இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இன்று ஜீமிங் விகாரை உளது. மக்கள் திரளாக வந்து ஊதுவத்தி ஏற்றுகின்றனர். அதன் பின்புறமாக மிங் மதில் ஓடுகிறது. அங்கே நின்றபோது எனக்கு மன்னரைவிடச் செங்தெயின் நினைவே மிகுந்தது. ஏனெனில் செங்தெ நம் வீடுகளில் இருக்கிறான். அப்பன் தம்பிக்கு அதிகம் கொடுத்தான் என்று இருபது ஆண்டு மனத்தில் வைத்திருப்பவர் நம்முள் இல்லையா? சங்கத்தில் தன்னைத் தலைவனாக்கவில்லை என்று ஒதுங்கி நிற்பவர் இல்லையா? அந்தக் குறை ஒரு நாள் பகைவனுக்குப் படகு அனுப்பும். விழிப்பு என்னும் காவலன் வெளியே மட்டும் பார்த்து நிற்பவன் அல்லன். உள்ளே யார் கதவண்டை வந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறான் என்பதையும் பார்க்க வேண்டியவன். மனம் என்னும் ஆறாம் வாயில் உட்புறத்தை நோக்கியே திறக்கிறது.

இதுவரை சொன்னதைச் சென்ற உபோசதத்தன்று சுருக்கமாகக் கூறியபோது ஓர் இளைஞர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். என் மனத்தை நான் காத்துக்கொள்கிறேன். துப்பாக்கியோடு வருகிறவனை என் விழிப்பு என்ன செய்யும்? நியாயமான கேள்வி. நான்ஜிங் சென்றவன் இக்கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது. என்னை? 1937 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜப்பானியப் படை அந்நகர்மேல் வந்தது. 12 ஆம் நாள் ஜோங்ஹுவா வாயிலின்மேல் பீரங்கி முழங்கியது. வாயிலின் மேல்மாடம் அப்போரில் அழிந்தது. இன்றும் மேலே வெறுந்தளமே காண்கிறோம். அன்றிரவு நகரத் தளபதி ஆற்றைக் கடந்து போய்விட்டார். ஆற்றுக்குச் செல்லும் யீஜியாங் வாயிலிலோ, பின்வாங்குவோரை விடாதே என்ற பழைய உத்தரவோடு ஒரு படை நின்றது. புதிய உத்தரவு அவர்களை எட்டவில்லை. பின்னிருந்து கூட்டம் நெருக்க, வாயிலினுள் மிதிபட்டு மாண்டோர் பலர். அடைத்த வாயில் என்றால் என்ன என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. கோயில் வாயிலும் குளத்துப் படியும் நம் முன்னோர்க்கு அடைத்தே கிடந்தன. யீஜியாங் வாயிலில் நின்றபோது என் கால் கூசிற்று.

13 ஆம் நாள் நகர் வீழ்ந்தது. அதன்பின் ஆறு வாரம் நடந்ததை யான் இங்கு விரிக்கமாட்டேன், குழந்தைகளும் அமர்ந்திருக்கிறீர்கள். கொல்லப்பட்டோர் 200,000 க்கு மேல் என்று டோக்கியோ நீதிமன்றமும், 300,000 க்கு மேல் என்று நான்ஜிங் நீதிமன்றமும் கூறின. வந்த வீரரிற் பலர் பிறந்த நாட்டில் ஊர்தோறும் புத்தர் கோயில் உண்டு. அப்போரை ஆதரித்துப் பேசிய பிக்குகளும் அங்கே இருந்தனர். ஜப்பானின் சோட்டோ தியான சபை 1992 இல் தன் பழைய செயல்களுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. இதனை மறைத்துப் பேசுவது தம்மத்துக்குத் தொண்டாகாது. வாளை ஏந்தியவன் கண்ணிலும் செவியிலும் காவலன் இல்லை. உத்தரவு என்ற சொல் உள்ளே புகுந்தது, வெறி பின்தொடர்ந்தது. அவன் வீட்டுப் புத்தர் படம் அவனைத் தடுக்கவில்லை. பெயரளவில் பௌத்தர் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டால் போதும் என்று எண்ணும் நாமும் இதனை நினைக்கக் கடவோம்.

இளைஞர் கேள்விக்கு விடையும் அந்நகரிலேயே கிடைக்கிறது. ஜின்லிங் மகளிர் கல்லூரி என்று ஒன்று அங்கு இருந்தது. இன்று அவ்விடம் ஒரு பல்கலைக்கழகத்தின் வளாகம். அக்காலத்தில் மின்னி வாட்ரின் என்னும் அமெரிக்கப் பெண்மணி அதனைப் பொறுப்பேற்றிருந்தார். கிறிஸ்தவ மிஷன் ஊழியர். நகரை விட்டுப் போய்விடலாம் என்று அவர் நாட்டுத் தூதரகம் சொல்லியும் அவர் போகவில்லை. வெளிநாட்டார் சிலர் அமைத்த பாதுகாப்பு வட்டாரத்துள் அக்கல்லூரி இருந்தது. அதன் வாயிலைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் திறந்துவிட்டார். சுமார் 10,000 பேர் உள்ளே அடைக்கலம் புகுந்தனர். படியிலும் தாழ்வாரத்திலும் படுத்தனர். வீரர்கள் சுவரேறி வருவர். அம்மையார் ஒரு வாயிலிலிருந்து மற்றொரு வாயிலுக்கு ஓடுவார். கையில் ஆயுதம் இல்லை. ஒரு கொடியும், அதிகாரி கொடுத்த ஒரு காகிதமும், தம் குரலுமே துணை. இவ்வாறு வாரக்கணக்கில் நின்றார்.

டிசம்பர் 17 ஆம் நாள் இரவு வீரர் சிலர் வந்து, சோதனை என்று சொல்லி, அவரையும் ஊழியர்களையும் முன்வாயிலில் நிறுத்தி வைத்தனர். நெடுநேரம் நிறுத்தினர். அங்கே அவர் காவல் நின்றுகொண்டிருந்தபோதே, பக்கவாயில் வழியாகப் பன்னிரண்டு பெண்களை இழுத்துச் சென்றுவிட்டனர். அன்பர்களே, ஆறு வாயில் என்று பகவான் ஏன் எண்ணிச் சொன்னார் என்பதற்கு இதைவிடக் கொடிய உரை யான் கண்டதில்லை. அப்பன்னிருவரை அம்மையார் தம் நாட்குறிப்பில் எழுதினார்; மனத்திலும் எழுதிக்கொண்டார். காக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை அவர் நெஞ்சு எண்ணவில்லை. காக்க இயலாதவர்களையே எண்ணியது. உடலும் மனமும் நலிந்து 1940 இல் தாய்நாடு திரும்பினார். 1941 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இதனைக் கேட்டு எவரும் குற்றம் சொல்ல விரைய வேண்டா. காவலனுக்கும் மாற்றாள் வேண்டும். இரவெல்லாம் ஒருவரையே நிறுத்தி வைத்துவிட்டு நாம் உறங்கலாகாது. சங்கம் என்று பகவான் ஒன்றை ஏற்படுத்தியது எதற்கு?

அந்நகரப் பெண்கள் அவரைக் கருணைத் தெய்வமாகிய குவான்யின் என்று அழைத்தனர். அவலோகிதேஸ்வரரையே சீனர் அப்பெயரால் வணங்குவர்; ஜப்பானியர் கன்னோன் என்பர். நான்ஜிங்மேல் வந்த படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி மட்சூயியும் ஒரு கன்னோன் சிலை எடுத்தார். போர்க்களத்து மண்ணைக் குழைத்துச் செய்த சிலை அது. இருதரப்பு இறந்தோர்க்காகவும் 1940 இல் அத்தாமி நகர்ப்புறத்து மலையில் வைத்தார். 1948 இல் டோக்கியோ நீதிமன்றத் தீர்ப்பின்படி அவர் தூக்கிலிடப்பட்டார். கிறிஸ்தவப் பெண் ஒருவர் கதவண்டை நின்றார். மக்கள் அவரைக் கன்னோன் என்றனர். தளபதி மண்ணைக் குழைத்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், இளைஞரே! தன் வாயிலைக் காத்தவர் பிறர் வாயிலிலும் போய் நிற்கிறார். துப்பாக்கியை அவர் விழிப்பு தடுத்தது என்று யான் சொல்லவில்லை. சில நேரம் தடுத்தது, சில நேரம் தடுக்கவில்லை. அவர் நின்றிராவிடின் அந்த ஆயிரக்கணக்கானோர் எங்கே போயிருப்பர் என்று மட்டும் கேட்கிறேன்.

இன்னொருவரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1950 களில் நகர் வளர்ச்சி என்று சொல்லி நான்ஜிங் மதிலைப் பல இடங்களில் இடிக்கலாயினர். 1956 இல் ஜூ சியே என்னும் அறிஞர், மாகாணப் பண்பாட்டுத் துறையில் பதவியில் இருந்தவர், பத்திரிகையில் எழுதித் தடுத்தார். ஜோங்ஹுவா வாயில் பிழைத்ததற்கு அவர் குரல் பெருங்காரணம். மறு ஆண்டே அவர்மேல் அரசியற் குற்றம் சுமத்தப்பட்டது. 1968 இல் துன்புற்று இறந்தார். வாயிலுக்குள் நுழைந்து படம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இப்பெயரும் தெரிந்திருக்கட்டும். செங்கல்லில் இவர் பெயர் இல்லை.

ஜோங்ஹுவா வாயிலுக்கு வெளியே, தெற்கே சிறிது தொலைவில், பாவ்என் விகாரை இருந்தது. வாயிலைத் திறந்துவிடச் செய்து அரசு பெற்ற யான் கோமகன்தான் யோங்லெ மன்னராகி, 1412 இல் அங்கே பெற்றோர் நினைவாகக் கோபுரம் எடுக்கத் தொடங்கினார். மெருகிட்ட ஓடுகளால் ஒளிவிட்ட ஒன்பது நிலைக் கோபுரம். 1856 இல் உள்நாட்டுப் போரில் அது தகர்ந்தது. 2008 இல் அவ்விடத்தை அகழ்ந்தபோது, இன்னும் பழைய விகாரை ஒன்றின் நிலவறையில், 1011 ஆம் ஆண்டு புதைத்த இரும்புப் பேழையும் அதனுள் அசோக ஸ்தூப வடிவான பொற்பூச்சுச் சிமிழும் கிடைத்தன. பகவானின் தலையோட்டுத் தாது அதனுள் உளது என்று உடன் கிடைத்த கல்வெட்டு கூறுகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு அதன்மேல் கோபுரம் எழுந்தது, விழுந்தது, படைகள் நடந்தன. இன்று அது நியூஷௌ மலைக் கோயிலில் உளது.

அங்கிருந்து மீளும்போது எங்கள் குழுவில் வந்த மூதாட்டி ஒருவர், ஊர் திரும்பியதும் தாம் காக்கப்போவது செவி வாயில் ஒன்றைத்தான் என்றார். மருமகளைப் பற்றி அடுத்த வீட்டார் சொல்வதை வாசலோடு நிறுத்தப் போகிறாராம். அவர் அதனைச் செய்து வருகிறார் என்று அறிகிறேன்.

தூதர் இருவரைப் பற்றி இன்று பேசவில்லை. சமதமும் விபஸ்ஸனையும் விரைந்து வந்து வாயிலில் நிற்கும்போது காவலன் அவர்களை எவ்வாறு அடையாளம் காண்பான் என்பது பெரிய கேள்வி. அதனை வரும் பௌர்ணமி உபோசதத்தன்று எடுத்துக்கொள்வோம். சம்யுத்த நிகாய மொழிபெயர்ப்பு வைத்திருப்போர் கையோடு கொண்டுவர வேண்டுகிறேன். மாலை ஆறு மணிக்குப் பஞ்சசீலம் எடுத்ததும் தொடங்கிவிடும்.